பதினாறாம் சதுரம்

உக்காருங்க தம்பி, அந்தப் பீப்பாய் மேலயே உக்காருங்க. நம்மளுதுதான். உள்ள உப்புக்கறி, ஒண்ணும் ஆகாது. மழை இப்ப விடுற மாதிரி தெரியல. ஓஹியோ ஆத்தங்கரையில மழை பிடிச்சா இப்படித்தான், நிக்கிறவனுக்கு நனையறதைத் தவிர வேற வேலை கிடையாது. நீங்க இந்தப் படகுலதானே வந்து இறங்குனீங்க? பாத்தேன். அதே படகுலதான் நாங்க ஏறணும். இங்க இறக்க வேண்டிய சரக்கை இறக்கிட்டு எங்க சாமானை ஏத்துவானாம். படகுக்காரன் குரல் குடுப்பான். அதுவரைக்கும் உக்காருங்க.

என் பேரு ஹைரம் டக்கெட். அதோ வண்டிக்குள்ள போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அது என் சம்சாரம் தபித்தா. வணக்கம் சொல்லலைன்னு தப்பா நினைக்காதீங்க. வீட்டை விட்டுக் கிளம்புனதுல இருந்து வாயே திறக்கல. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிட்டு வர்றேன்.

நிலம் தேடித்தானே வந்திருக்கீங்க? எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. மூட்டை கனமா இருக்கே, கலப்பைக் கொழுவா? சரி, சொல்லாட்டிப் போங்க. இல்ல இல்ல, இருங்க, நான் முடிச்சிடுறேன். நிலம் தேடி வர்ற ஆளுக்கு நான் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். எனக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. அதனாலதான் இந்த மழையில, இந்த வயசுல, ஒரு கட்டிலையும் ரெண்டு மாட்டையும் வெச்சுக்கிட்டு ஆத்தங்கரையில நிக்கிறேன்.

நாங்க கென்டக்கில இருந்து வந்தப்ப இண்டியானா மாநிலம் கிடையாது. பிரதேசம்னு பேரு. கவர்னரை வாஷிங்டன்ல இருந்து அனுப்புவாங்க. அவர் செவ்விந்தியங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, கம்பளி குடுத்து, சரக்கு ஊத்தி, ஒப்பந்தம் போடுவாரு. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நாடு ஒரு பக்கம் வீங்கும். எந்தக் கூட்டம் வித்துச்சு, எந்தக் கூட்டம் விக்க மாட்டேன்னுச்சுன்னெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல. வாங்கியாச்சுன்னு காதுல விழுந்துச்சு, வண்டியைப் பூட்டிட்டேன். அவ்வளவுதான் எனக்கும் அதுக்கும்.

ஏன் அவ்வளவு அவசரம்னு கேக்குறீங்களா? அளக்கறதுக்கு முன்னாடி போகணும் தம்பி. அளந்தப்புறம் போனா ஏலம். ஏலம்னா கிழக்கே இருந்து பணக்காரன் வருவான். காலர் வெச்ச சட்டை போட்டவன், கையில மண்ணே படாதவன், ஒரு காட்டையே வாங்கி மடியில வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். அளக்கறதுக்கு முன்னாடி போனா கோடாலி. மரத்துப் பட்டையை உரிச்சு ஒரு குறி வெட்டிட்டா அந்த இடம் வெட்டினவனுக்கு. சட்டத்துல இல்ல. ஆனா எங்க ஆளுங்க மதிப்போம். ஒருத்தன் குறியை இன்னொருத்தன் தொட மாட்டான். தொட்டா மத்தவங்க எல்லாரும் சேர்ந்து அவன் வீட்டுக் கூரையைப் பிரிச்சுடுவோம். என் குறி மூணு வெட்டு, குறுக்க ஒண்ணு. இன்னிக்கும் இருக்கும் போய்ப் பாத்தா.

போன இடம் இருக்கே, அதைச் சொல்லணும். காட்டுக்கு நடுவுல வெட்டவெளி. எனக்குன்னே திருத்தி வெச்ச மாதிரி. மண்ணு கருகருன்னு. பழைய சோளக் கொல்லை மாதிரி பாத்தி பாத்தியா தெரியுது. மேற்கால ஒரு வரிசை ஆப்பிள் மரம், காய்ச்சுத் தொங்குது. பக்கத்துல ஓடை. ஒரு குஞ்சு குளுவான் இல்ல. மத்தவனெல்லாம் ஒரு மரத்தைச் சாய்க்க முதுகு ஒடிஞ்சு கிடக்குறான், எனக்கு வந்த வருஷமே விளைச்சல். கடவுள் குடுத்தார்னு மண்டி போட்டு ஜெபம் பண்ணேன். இவ பின்னாடி நின்னுக்கிட்டு, "இதெல்லாம் யாருங்க நட்டது?"ன்னு கேட்டா. "காட்டுல தானா முளைக்கும்"னேன். "தானா முளைக்கறது வரிசையா முளைக்குமா?"ன்னா. ஜெபத்துக்கு நடுவுல கேக்குற கேள்வியா இது. இவ எப்பவும் இப்படித்தான்.

ஓடைக்கு நான்தான் பேர் வெச்சேன். டக்கெட் ஓடை. அதுக்கு முன்னாடி அதுக்குப் பேரே கிடையாது. செவ்விந்தியங்க ஏதோ ஒண்ணு சொல்லுவாங்க, வாயில நுழையாது, அதைப் பேருன்னு எடுத்துக்க முடியாது. என்னைப் பாத்துட்டுத்தான் மத்த குடும்பங்க வந்துச்சு. முதல் புகை என் வீட்டுப் புகை. முதல் குறி என் குறி. இது நியாயத்துக்குக் கட்டுப்பட்ட நாடா இருந்தா, முதல்ல வந்தவனுக்குத்தானே நிலம்? நான் கேக்குறது தப்பா? சொல்லுங்க. முதல்ல வந்தவனுக்குத்தானே?

அந்த வருஷம் ஆப்பிள் பழுக்கற நேரத்துல ஒரு பொம்பளை வந்தா. செவ்விந்தியங்கள்ல டெலவேர்னு ஒரு கூட்டம், அதுல ஒருத்தி. வயசானவ, முதுகுல கூடை. என் கதவைத் தட்டல, என்னைக் கேக்கல, நேரா மரத்துக்கிட்டப் போனா. பழம் பறிச்சா. அந்த மரத்தடியில சின்னச் சின்ன மண்மேடு கொஞ்சம் இருந்துச்சு, அது பக்கத்துல உக்காந்தா, எதையோ வெச்சா, பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்துட்டுப் போயிட்டா. தபித்தா அவளுக்கு மோர் கொண்டுபோய்க் குடுத்தா. எனக்குப் பிடிக்கல. ஆனா புது இடம், பகை வேண்டாம்னு விட்டுட்டேன்.

அடுத்த வருஷமும் வந்தா. அப்ப தோல் வாங்குற வியாபாரி ஒருத்தன் என் வீட்டுல தங்கியிருந்தான், அவனுக்கு அவங்க பாஷை தெரியும். என்னதான் சொல்றான்னு கேட்டுச் சொல்லுப்பான்னேன். கேட்டுட்டு வந்து சிரிச்சான். "இந்த இடத்தை யாருமே விக்க முடியாதாம். வித்தவங்களுக்கும் இது சொந்தமில்லையாம், வாங்கினவங்களுக்கும் ஆகாதாம்." நானும் சிரிச்சேன். விக்க முடியாத நிலம்னு உலகத்துல எங்கயாவது உண்டா தம்பி? நிலம்னு இருந்தா விலைன்னு இருக்கும். இது கூடத் தெரியாத ஜனங்க. நான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போய் என் குறியைக் காட்டினேன், மூணு வெட்டு, குறுக்க ஒண்ணு. "உன் குறி எங்க? காட்டு"ன்னேன். அவ ஆப்பிள் மரத்து மேல உள்ளங்கையை வெச்சா. கையை வெச்சா ஆயிடுமா? நான் கூட வெப்பேன். பேரா? அவ பேர் கேக்கல. எதுக்குக் கேக்கணும்?

சரி, அவளை விடுங்க. முக்கியமானது இப்பதான் வருது.

அளக்க வந்தாங்க. அரசாங்கம் எப்படி அளக்கும் தெரியுமா? மலை, ஓடை, வீடு, எதையும் பாக்காது. ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம். ஊருக்கு முப்பத்தாறு சதுரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு நேரா வருவாங்க, வீடு குறுக்க இருந்தா வீட்டு நடுவுல கோடு போட்டுட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கு வந்த சர்வேயர் லெமுவேல்னு ஒருத்தர். ஒல்லியான மனுஷன், எப்பவும் இருமல். நான் மான் கறி போட்டேன், படுக்க இடம் குடுத்தேன், ஒரு நாள் முழுக்க அவர் சங்கிலியோட ஒரு முனையை நானே பிடிச்சுக்கிட்டு நடந்தேன். நம்ம நிலத்தை அளக்குற சங்கிலி, நாமளே பிடிச்சா என்ன?

கோடு எங்க ஓடுச்சு தெரியுமா? என் வீட்டுக்கும் ஆப்பிள் மரத்துக்கும் நடுவுல. வீடு கிழக்கால பதினஞ்சாம் நம்பர்ல. மரம் மேற்கால பதினாறாம் நம்பர்ல. ரெண்டு பக்கமும் என் குறி இருக்கு. ரெண்டுல எதைப் பிடிச்சுக்கறது? ராத்திரி சாப்பாட்டுல நைசாக் கேட்டேன். "ஐயா, ஏலம் வந்தா கிழக்கத்திப் பணக்காரன் எதை எடுப்பான், எதை விடுவான்?" அவர் எலும்பைச் சூப்பிக்கிட்டே சொன்னார்: "பதினஞ்சை எவன் வேணா எடுக்கலாம். பதினாறை எந்தப் பணக்காரனாலயும் வாங்க முடியாது. அது ஏலத்துக்கே வராது."

எனக்கு அது போதும். வேற என்ன வேணும்? எழுந்து இன்னொரு துண்டு கறி வெச்சேன் அவருக்கு. அவர் சொன்னது பொய்யான்னு பாத்தா பொய் இல்ல. ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்ல. அதான் தம்பி எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. பொய் சொல்லியிருந்தா தேடிப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவர் போனதும் வீட்டைத் தூக்கிட்டேன். நிஜமாத்தான். மரக்கட்டை வீடுதானே, கூரையைப் பிரிச்சு, கட்டை கட்டையா இறக்கி, உருட்டிக்கிட்டுப் போய் மேற்கால மறுபடி அடுக்கினா வீடு. அதுக்கு அக்கம்பக்கத்துல எல்லாரும் வருவாங்க. இது எங்க வழக்கம், யார் வீடு கட்டினாலும் எல்லாரும் தோள் குடுக்கணும், வீட்டுக்காரன் சோறும் சரக்கும் குடுக்கணும். ஆனா எதுக்கு மாத்துறேன்னு நான் சொல்லல. சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் பதினாறுக்கு ஓடி வந்துடுவான். அதனால கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குதுன்னு சொல்லிட்டேன்.

ஒபதியா பிரில்னு ஒருத்தன், எனக்கு அடுத்த வீடு. படிச்சவன், சட்டமெல்லாம் தெரியும். கட்டையை இறக்கிட்டு வேர்வையைத் துடைச்சுக்கிட்டே என் பழைய கிணத்துல ஒரு குவளை மொண்டு குடிச்சான். "ஹைரம், தண்ணி நல்லாத்தானே இருக்கு"ன்னான். "உனக்கு நாக்குல ருசி செத்துப் போச்சு"ன்னேன். அவன் இன்னொரு குவளை குடிச்சான். அப்பறம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்து, "இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட என்ன நம்பர்னு கேட்டியா?"ன்னான். கேட்டேன், எல்லாம் கேட்டேன், நீ கட்டையைப் பிடின்னேன். இவன் எதையோ மோப்பம் பிடிச்சுட்டான், என் இடத்துக்குப் போட்டி போடப் பாக்குறான்னு எனக்குத் தோணுச்சு. வாயைக் கட்டிக்கிட்டேன்.

ஏலம் வந்துச்சு. கிழக்கே இருந்து எந்தப் பணக்காரன் வந்தான்? ஒருத்தனும் வரல. எங்க ஊர் அவ்வளவு தூரம், எவனுக்கும் வேண்டியதில்ல. பதினஞ்சுல என் பழைய பக்கத்தை ஒபதியா கேட்டான், எதிர்த்துக் கேக்க ஆளில்ல, அடிமாட்டு விலைக்கு அவனுக்குப் போச்சு. நான் வெட்டின கிணறு. நான் உழுத கொல்லை. நான் அப்பவும் சிரிச்சேன். எனக்கென்ன, என் சதுரத்தை எவனும் வாங்க முடியாது, சாவகாசமா நான் வாங்கிக்கிறேன்னு இருந்துட்டேன்.

புது வீட்டு முற்றத்துக்கு அந்த மண்மேடெல்லாம் இடைஞ்சலா இருந்துச்சு. கலப்பை ஏறி இறங்கும். முக்கால்வாசியை உழுது சமன் பண்ணிட்டேன். ஓரத்துல மரத்தடியில நாலஞ்சு மட்டும் மிச்சம், அங்க வேர் அதிகம், கலப்பை போகல. அந்த வருஷம் அந்தப் பொம்பளை வந்தா. உழுத இடத்தைப் பாத்துட்டு நின்னா. முதுகுக் கூடையைக் கூட இறக்கல. நின்னா. அவ நின்ன நிலை எனக்குச் சரியாப் படல. துப்பாக்கியை எடுத்துட்டு வெளிய வந்தேன். சுடல தம்பி, நான் அப்படிப்பட்டவன் இல்ல. சும்மா காட்டினேன். கூடையை அங்கயே போட்டுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரனோட சண்டை வந்துச்சு, நானும் போயிட்டு வந்தேன், அவங்க கூட்டமெல்லாம் மேற்கே போயிடுச்சு. கூடை நல்ல கூடை. இன்னும் வண்டிக்குள்ளதான் இருக்கு, தபித்தா முட்டை வைப்பா.

என் மகளைப் பத்திச் சொல்லலையே. கெசியா. அங்க போனப்புறம் பொறந்தவ. தலைமுடி சோளக் கதிர் நிறத்துல இருக்கும். எப்பவும் அந்த ஆப்பிள் மரத்து மேலதான். கீழ இறங்குன்னா இறங்க மாட்டா. சண்டை முடிஞ்ச வருஷம் காய்ச்சல் வந்துச்சு, ஊருல பாதி வீட்டுக்கு வந்துச்சு, எங்க வீட்டுல அவளைக் கொண்டு போயிடுச்சு. சர்ச்சு ரொம்ப தூரம். நான் வீட்டுக்குப் பின்னாடி குழி வெட்டப் போனேன். தபித்தா வேண்டாம்னுட்டா. "மரத்தடியில வைங்க. அங்க ஏற்கனவே ஆளுங்க இருக்காங்க. பாப்பா தனியா இருக்க மாட்டா"ன்னா. துக்கத்துல என்னமோ பேசுறான்னு விட்டுட்டேன். ஆனா மரத்தடியிலதான் வெச்சேன். அவளுக்குப் பிடிச்ச இடம். பக்கத்து மரத்துல என் குறியை வெட்டி வெச்சேன், மூணு வெட்டு, குறுக்க ஒண்ணு.

கொஞ்சம் இருங்க. இந்தப் புகையிலை ஈரமாப் போச்சு.

அப்பறம் மாநிலம் ஆகணும்னு கிளம்பினாங்க. ஆகணும்தானே? எத்தனை நாளைக்கு வாஷிங்டன்காரன் அனுப்புற கவர்னர் சொல்றதைக் கேக்கறது? நாங்களே சட்டம் எழுதணும், நாங்களே ஆளணும். நான் சும்மா இல்ல தம்பி, எறங்கி வேலை பாத்தேன். சட்டம் எழுதுற சபைக்கு எங்க பக்கத்துல இருந்து பார்ட்டன் ஹேய்ல்னு ஒருத்தரை நிறுத்தினோம். என் வீட்டு முன்னாடிதான் கூட்டம். நான் வெட்டின மரத்தோட அடிக்கட்டை மேல ஏறி நின்னுதான் அவர் பேசினார். சரக்குப் பீப்பாய் என் செலவு. "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பள்ளிக்கூடம்! அதுக்கான நிலம் ஒவ்வொரு ஊருலயும் காத்துக்கிட்டு இருக்கு!"ன்னார். நான் தொப்பியைத் தூக்கி மேல போட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என் மக இருந்திருந்தா படிச்சிருப்பாளேன்னு நினைச்சுக்கிட்டேன். கூட்டத்துல ஒபதியா மட்டும் கை தட்டல. என்னையே ஒரு மாதிரி பாத்துக்கிட்டு நின்னான். பொறாமைன்னு நினைச்சேன். ஓட்டுப் போடுற அன்னிக்கு என் வண்டியிலதான் ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனேன், எல்லாரையும் ஹேய்லுக்குப் போட வெச்சேன். ஜெயிச்சார். மாநிலம் ஆச்சு. பீரங்கி வெடிச்சாங்க.

பீரங்கிப் புகை அடங்கி கொஞ்ச நாள்ல ஒபதியா என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு. இப்ப அவன் ஊருப் பள்ளிக்கூட நிலத்துக்குப் பொறுப்பாளர்ல ஒருத்தன். "ஹைரம், நீ உக்காந்திருக்கிறது பதினாறாம் சதுரம்"ன்னான். "தெரியும்டா, எவனாலயும் வாங்க முடியாத சதுரம்"னேன். "ஆமா. உன்னாலயும்தான்"னான்.

எனக்கு விளங்கல. உக்கார வெச்சு விளக்கினான். எல்லா ஊருலயும் பதினாறாம் சதுரம் பள்ளிக்கூடத்துக்காம். எப்பவோ, நாங்க பொறக்கறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ, வாஷிங்டன் ஆளுங்க எழுதி வெச்சுட்டாங்களாம். அதை விக்கக் கூடாது. குத்தகைக்கு விட்டு, வர்ற காசுல பள்ளிக்கூடம் நடத்தணும். மாநிலம் ஆனதும் அந்த உரிமை ஊருக்கு வந்துடுச்சு. ஊருன்னா யாரு? ஒபதியா. "அப்ப அன்னிக்கே ஏண்டா சொல்லல?"ன்னேன். "கேட்டேனே, என்ன நம்பர்னு. நீ கிணத்துத் தண்ணி உப்புன்னே. எனக்கென்ன தெரியும், குத்தகை பேசித்தான் போறியோன்னு நினைச்சேன்"னான்.

விக்க முடியாத நிலமாம். இப்படி ஒரு பேச்சை யாராவது கேட்டிருக்கீங்களா? என் ஆயுசுல நான் கேள்விப்பட்டதே இல்ல. பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து ஒரே மூச்சுல பாதிக் கண்டத்தை வாங்க முடியுது. செவ்விந்தியன்கிட்ட ஒரு கம்பளிக்கு ஒரு காடு வாங்க முடியுது. சொந்தக் குடிமகன், சண்டைக்குப் போனவன், ஓட்டுக்கு ஆள் சேத்தவன், அவன் உழுத நிலத்தை அவனுக்கு விக்க முடியாதாம். நாடு இவ்வளவு பெருசாயிட்டே போகுதே, அதுல எனக்குன்னு ஒரு மூலை இருக்கக் கூடாதா?

குத்தகைக்காவது எடுக்கலாம்னு போனேன். அதுக்கும் ஏலம். ஒபதியாவோட மச்சினன் கென்டக்கில இருந்து புதுசா வந்தவன், எனக்கு மேல கேட்டு எடுத்துட்டான். வந்து ஒரு குளிர்காலம் ஆகல அவனுக்கு. வீட்டை என்ன பண்ணாங்க தெரியுமா? தோள் குடுத்து எல்லாரும் சேர்ந்து கட்டின வீடு, ஊர் நிலத்துல இருக்கு, அதனால ஊருக்காம். அதைத்தான் பள்ளிக்கூடம் ஆக்கப் போறாங்க. மேப்புல என் ஓடைக்குப் பேரைக் கூட மாத்திட்டாங்க. இப்ப அது பள்ளிக்கூட ஓடை. டக்கெட் ஓடைன்னு சொன்னா எவனுக்கும் தெரியாது.

என்ன, ஒரு மாதிரி பாக்குறீங்க? இருங்க, இன்னும் இருக்கு. அந்தப் படகுக்காரன் கயிறை இழுக்குறான், அதுக்குள்ள சொல்லிடுறேன்.

எல்லாத்தையும் விட்டுட்டேன். சரி போ, வீடு போச்சு, கொல்லை போச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மரத்தடியில என் மக இருக்கா. அந்த மூலைக்கு மட்டும் ஒரு வேலி போட்டுக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, பழம் பழுக்கும்போது, நானும் தபித்தாவும் வந்து உக்காந்துட்டுப் போறோம். ஒரு பழம் தொட மாட்டோம். இதுதான் கேட்டேன். மரத்தை வெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு விறகாக்கணும், பிள்ளைங்க விளையாட அந்த இடத்தைச் சமன் பண்ணணும்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. ஒபதியா கேட்டான், எந்த உரிமையில வேலி போடுவேன்னு. கூட்டிக்கிட்டுப் போய் குறியைக் காட்டினேன். மூணு வெட்டு, குறுக்க ஒண்ணு. அவன் விரலால தடவிப் பாத்தான். "கோடாலி வெட்டெல்லாம் அந்தக் காலம் ஹைரம். மரத்துல வெட்டினா ஆயிடுமா?"ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான் தம்பி. அந்தச் சிரிப்பை என்னால மறக்க முடியல. ஒரு மனுஷனுக்கு இன்னொரு மனுஷன்கிட்ட அப்படிச் சிரிக்க எப்படி மனசு வரும்?

கிளம்புற அன்னிக்கு தபித்தா ரொட்டி சுட்டா. வழிக்குன்னு நினைச்சேன். எடுத்துக்கிட்டு மரத்தடிக்குப் போனா. பாப்பா மேட்டுல ஒண்ணு வெச்சா. அதோட விட்டாளா? மிச்சம் இருக்குற ஒவ்வொரு மேட்டுலயும் ஒண்ணு ஒண்ணா வெச்சா. உழுத இடத்துல கூட கிள்ளிக் கிள்ளிப் போட்டா. இருந்த மாவே அவ்வளவுதான். "என்னடி இது?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அப்ப மூடின வாய்தான்.

இப்ப மிசூரி போறோம். மிசிசிப்பி ஆத்துக்கு அந்தாண்ட. பிரெஞ்சுக்காரன் வித்தது. அங்க இன்னும் அளக்கவே ஆரம்பிக்கலையாம். போன வருஷம்தான் அங்க இருந்தவங்களைக் காலி பண்ணி அனுப்பிச்சாங்களாம், கொல்லையெல்லாம் திருத்தினபடியே கிடக்குதாம். இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன். பதினாறுல மட்டும் கால் வெக்க மாட்டேன். நீங்களும் வெச்சுடாதீங்க, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆமா, நீங்க எங்க போகணும்னு சொன்னீங்க?

என்ன ஓடை?

அப்ப அந்த மூட்டையில கொழு இல்ல. புத்தகம். வாத்தியாரா நீங்க? ஒபதியாதான் எழுதி வரவழைச்சானா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா? சரி, சரி, நான் எங்க பேச விட்டேன். ஒரு மணி நேரமா என் வீட்டுக்குப் போற ஆளை என் பீப்பாய் மேலயே உக்கார வெச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எழுந்திருக்காதீங்க. உங்க மேல எனக்கென்ன கோவம், நீங்க சம்பளத்துக்கு வந்தவர். கோவம்தான். இருக்கட்டும், உக்காருங்க.

கதவு மழைக்கு இறுகிக்கும். உதைக்காதீங்க, கொஞ்சம் தூக்கித் தள்ளினாத் திறக்கும். அடுப்புப் பக்கம் மூணாவது கட்டையில இடுக்கு இருக்கு, காத்து வரும், களிமண் அடைச்சுக்குங்க. கிணத்துத் தண்ணிக்குப் பழைய கிணத்துக்குப் போங்க, ஒபதியா ஒண்ணும் சொல்ல மாட்டான். நல்ல தண்ணி அது.

வாத்தியார் தம்பி, நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல. உங்க பிள்ளைங்க நீங்க சொன்னாக் கேக்கும். அந்த மரத்தடியில மட்டும் ஓட வேண்டாம்னு சொல்லுங்க. வெட்ட வந்தா, நிழலுக்கு வேணும்னு சொல்லி நிறுத்துங்க. நீங்க படிச்சவர், நீங்க சொன்னாக் கேப்பாங்க. நான் சொன்னாத்தான் எடுபடல. அவ பேர் கெசியா. முடிஞ்சா ஒரு பலகையில எழுதி வைங்க, எனக்கு எழுதத் தெரியாமப் போச்சு. செய்வீங்களா? செய்வீங்க. உங்க முகத்தைப் பாத்தாத் தெரியுது.

அதோ கூப்பிடுறான். வர்றேம்ப்பா, மாட்டை முதல்ல ஏத்து!

என்ன கேட்டீங்க? எப்படி அடையாளம் தெரியும்னா? தெற்கால கடைசி மேடு. சின்னது. குறி இருக்குற மரத்துக்கு நேரா.

மத்ததா? மத்த மேடெல்லாம் யாருதுன்னா... அது யாருதும் இல்ல தம்பி. அது வெறும் மண்ணு. தபித்தா, நீ என்ன இப்ப தலையை நீட்டுறே, உள்ள உக்காரு, நனையுது. அவ சொல்றதைக் கேக்காதீங்க. நீங்க அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் பாத்துக்குங்க. அதுல மட்டும்தான் ஆள் இருக்கு.